612 நாள் காலியாக இருந்த நாற்காலி

குட்டீஸ், சென்னைக்கு மேற்கே மாங்காடு என்று ஓர் ஊர் இருக்கிறதே, தெரியுமா? காமாட்சி அம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அதற்குப் பக்கத்து ஊர் பூந்தமல்லி. சென்னையிலிருந்து வரும் பஸ் குமணன்சாவடியில் இடது பக்கம் திரும்பினால் மாங்காடு. திரும்பாமல் நேரே போனால் பூந்தமல்லி. அவ்வளவு பக்கம்! மழை பெய்தால் இரண்டு ஊர்க்காரர்களும் ஒன்றாகத்தான் நனைவார்கள்.

ஆனால், 2019 ஏப்ரல் 18ஆம் தேதி இந்த இரண்டு ஊர்களிலும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. அன்று நாடாளுமன்றத் தேர்தல். மாங்காட்டில் ஓட்டுப் போடப் போனவர்கள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வந்தார்கள். பூந்தமல்லியில் ஓட்டுப் போடப் போனவர்களோ இரண்டு பொத்தான்களை அழுத்தினார்கள். அங்கே இரண்டு இயந்திரங்கள் வைக்கப்பட்டிருந்தன. ஒன்று நாடாளுமன்றத்துக்கு. இன்னொன்று?

அது சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு!

பக்கத்துப் பக்கத்து ஊர்தானே, ஏன் இந்த வித்தியாசம்? மாங்காடு இருப்பது ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதியில். அங்கே எம்.எல்.ஏ. இருந்தார். பூந்தமல்லி தனியாக ஒரு தொகுதி. அங்கே எம்.எல்.ஏ. நாற்காலி ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகக் காலியாகக் கிடந்தது. ஏன் காலியானது, நிரப்ப ஏன் இத்தனை நாளானது, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பார்ப்போமா?

நாற்காலி எப்படிக் காலியாகிறது?

தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 தொகுதிகள். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். பொதுத் தேர்தலில் வென்று வருகிறவருக்குப் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஓர் இடம் காலியானால், மீதி நாட்களுக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுக்க நடத்துவதுதான் இடைத்தேர்தல். இடைத்தேர்தலில் ஜெயிப்பவருக்குப் புதிதாக ஐந்து ஆண்டு கிடைக்காது. மிச்சம் இருக்கும் நாட்கள் மட்டுமே!

இடம் காலியாவதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதல் காரணம், மரணம். 2024 ஏப்ரலில் விக்கிரவாண்டி உறுப்பினர் நா.புகழேந்தி இறந்தார். அதே ஆண்டு ஜூலை 10ஆம் தேதி அங்கே இடைத்தேர்தல் நடந்தது. ஈரோடு கிழக்குத் தொகுதியில் 2023லும் 2025லும் இரண்டு இடைத்தேர்தல்கள் நடந்தன. ஒரே சட்டமன்றத்தின் காலத்துக்குள் அந்தத் தொகுதி மக்கள் மூன்று முறை வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்!

இரண்டாவது, ராஜினாமா. விளவங்கோடு உறுப்பினர் விஜயதரணி 2024 பிப்ரவரியில் காங்கிரஸிலிருந்து பாரதிய ஜனதாவுக்கு மாறினார். பதவியை விட்டு விலகினார். ஏப்ரல் 19ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலோடு அங்கே இடைத்தேர்தலும் நடந்தது.

மூன்றாவது, இரட்டை வெற்றி. நம் நாட்டில் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் போட்டியிடலாம். இரண்டிலும் ஜெயித்தால்? ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட வேண்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ராகுல் காந்தி ரேபரேலி, வயநாடு இரண்டிலும் வென்றார். வயநாட்டை விட்டுக் கொடுத்ததால் அங்கே அதே ஆண்டு நவம்பரில் இடைத்தேர்தல் வந்தது.

நான்காவது, நீதிமன்றத் தண்டனை. ஒரு வழக்கில் இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றால் உறுப்பினர் பதவி போய்விடும்.

ஐந்தாவது, தகுதி நீக்கம். பூந்தமல்லியில் நடந்தது இதுதான்.

ஒரே நாளில் 18 நாற்காலிகள்!

2017 ஆகஸ்டில், ஆளும் அ.தி.மு.க.வைச் சேர்ந்த 19 உறுப்பினர்கள் ஆளுநரைச் சந்தித்தார்கள். முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்குத் தந்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பிறகு மனம் மாறித் திரும்பிவிட்டார். மீதி 18 பேரையும் 2017 செப்டம்பர் 18ஆம் தேதி சபாநாயகர் ப.தனபால் தகுதி நீக்கம் செய்தார். பூந்தமல்லி, பெரம்பூர், திருப்போரூர், தஞ்சாவூர், ஆண்டிபட்டி என்று 18 தொகுதிகள் ஒரே நாளில் காலி!

சபாநாயகருக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1967ஆம் ஆண்டு ஹரியானாவில் கயாலால் என்று ஓர் எம்.எல்.ஏ. இருந்தார். பதினைந்து நாட்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார் அவர்! 'ஆயாராம், கயாராம்' என்று நாடே கேலி செய்தது. 'வந்தார் ராம், போனார் ராம்' என்று அர்த்தம். இப்படி ஆளுக்கொரு பக்கம் தாவினால் அரசாங்கம் எப்படி நிலைக்கும்? அதனால் 1985ல் அரசியல் சட்டத்தில் கட்சித் தாவல் தடைச் சட்டம் சேர்க்கப்பட்டது. தன் கட்சியைத் தானாக விட்டு விலகும் உறுப்பினரின் பதவி பறிபோகும். அதை முடிவு செய்பவர் சபாநாயகர்.

'நாங்கள் கட்சியை விட்டுப் போகவே இல்லை. முதலமைச்சரைத்தான் மாற்றச் சொன்னோம்' என்றார்கள் 18 பேரும். 'நீங்கள் செய்தது கட்சியை விட்டு விலகியதற்குச் சமம்' என்றது மறுதரப்பு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 ஜூன் 14ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். என்ன ஆச்சரியம்! தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி 'தகுதி நீக்கம் செல்லும்' என்றார். நீதிபதி சுந்தர் 'செல்லாது' என்றார். ஒன்றுக்கு ஒன்று சமம். பிறகு மூன்றாவது நீதிபதியாக சத்தியநாராயணன் விசாரித்தார். 2018 அக்டோபர் 25ஆம் தேதி, 'செல்லும்' என்று அவர் தீர்ப்பளித்தார். அதோடு 18 இடங்களும் காலி என்பது உறுதியானது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

எம்.எல்.ஏ. நாற்காலி காலியானால் சட்டமன்றத்தின் கணக்கே மாறிவிடும். எப்படி?

234 பேர் இருக்கும் சபையில் பாதி 117. ஆட்சி நடத்தப் பாதிக்கு மேல் வேண்டும், அதாவது 118. 2017 செப்டம்பரில் 18 இடங்கள் போயின. ஜெயலலிதா மறைவால் ஆர்.கே.நகர் தொகுதியும் அப்போது காலியாக இருந்தது. ஆக மொத்தம் 19 காலி. மிச்சம் 215. அதில் பாதிக்கு மேல் என்றால் 108 போதும்!

பார்த்தீர்களா? ஆளுங்கட்சிக்குப் புதிதாக ஒருவர்கூடச் சேரவில்லை. ஆனால், தாண்ட வேண்டிய கோடு பத்துப் படி கீழே இறங்கிவிட்டது. தகுதி நீக்கம் பற்றி அவ்வளவு பெரிய விவாதம் நடந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஆறு மாதம் என்று சட்டம் சொல்கிறதே!

ஓர் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். இது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996ல் சேர்க்கப்பட்ட விதி. அதற்கு முன்பு இப்படிக் காலக்கெடு கிடையாது.

இந்த விதிக்கு இரண்டு விலக்குகள் உண்டு. அந்த இடத்துக்கு மீதி இருக்கும் பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் இடைத்தேர்தல் கட்டாயமில்லை. 2025 ஜூனில் வால்பாறை உறுப்பினர் அமுல் கந்தசாமி இறந்தபோது, சட்டமன்றத்தின் ஆயுள் ஓராண்டுக்கும் குறைவாகவே இருந்தது. அதனால் அங்கே அந்தக் கட்டாயம் எழவில்லை.

இன்னொரு விலக்கு, உரிய காலத்தில் தேர்தல் நடத்துவது கஷ்டம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசோடு கலந்து பேசிச் சான்று தருவது.

கருணாநிதி மறைவால் 2018 ஆகஸ்டில் திருவாரூர் காலியானது. 2019 ஜனவரி 28ஆம் தேதி அங்கே இடைத்தேர்தல் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. ஆனால், முந்தைய நவம்பரில்தான் கஜா புயல் அந்தப் பகுதியைப் புரட்டிப் போட்டிருந்தது. கூரை இழந்தவர்களுக்கு நிவாரணம் போய்க் கொண்டிருந்த நேரம். அதனால் அந்தத் தேர்தல் ரத்து செய்யப்பட்டது.

பூந்தமல்லியின் கதை வேறு. 18 பேரும் வழக்குப் போட்ட உடனே, 'அடுத்த உத்தரவு வரும் வரை இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது' என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. புது எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்த பிறகு, 'பழைய எம்.எல்.ஏ.வின் நீக்கம் செல்லாது' என்று தீர்ப்பு வந்தால் என்ன ஆகும்? ஒரு நாற்காலியில் இரண்டு பேர் உட்கார முடியுமா?

ஆகவே, யார் மேலும் சட்டென்று பழி போட முடியாது. ஆனாலும் நாள் ஓடிக்கொண்டே இருந்தது. 2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே 23ல் முடிவு வெளியாகும் வரை எண்ணிப் பாருங்கள். 612 நாட்கள்! ஐந்து ஆண்டுப் பதவிக்காலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

அந்த 612 நாளும் யாரிடம் சொல்வது?

கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆட்டக்காரரைப் பார்த்திருப்பீர்கள். ஒருவருக்குக் காலில் அடிபட்டால் இவர் வந்து பீல்டிங் செய்வார். பந்தைத் தடுப்பார், கேட்ச் பிடிப்பார். ஆனால், இவர் பேட் பிடித்து ரன் எடுக்க முடியாது.

எம்.எல்.ஏ. இல்லாத தொகுதியில் அதிகாரிகள் இந்தப் பன்னிரண்டாவது ஆட்டக்காரரைப் போன்றவர்கள். கலெக்டர் இருப்பார், தாசில்தார் இருப்பார். ரேஷன் கடை திறக்கும், தெரு விளக்கு எரியும். ஆனால், சட்டமன்றத்தில் எழுந்து நின்று, 'எங்கள் ஊர் ஏரிக்கரை ஏன் இன்னும் சரி செய்யப்படவில்லை?' என்று அமைச்சரைக் கேட்க அவர்களால் முடியாது. பட்ஜெட்டுக்கு ஆதரவாகவோ எதிராகவோ ஓட்டுப் போட முடியாது. அது மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரின் வேலை.

பூந்தமல்லிக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்தான்! நடுவில் தனி அதிகாரிகள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். அப்போது பேரூராட்சியாக இருந்த மாங்காட்டிலும் கவுன்சிலர் இல்லை. ஆனால், மாங்காட்டுக்காரர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் எம்.எல்.ஏ.வாவது இருந்தார். பூந்தமல்லி நகராட்சி மக்களுக்கு அந்த 612 நாட்களில் கவுன்சிலரும் இல்லை, நகராட்சித் தலைவரும் இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை. அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களில் மிச்சம் இருந்தவர் திருவள்ளூர் எம்.பி. ஒருவர்தான்.

தவறு செய்ததாகச் சொல்லப்பட்டவர் உறுப்பினர். நாற்காலி காலியானதால் குரல் இழந்தவர்களோ வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட மக்கள். இடைத்தேர்தல் ஏன் சீக்கிரம் நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

முடிவு என்ன ஆனது?

2019 ஏப்ரல், மே மாதங்களில் மொத்தம் 22 இடங்களுக்கு இடைத்தேர்தல் நடந்தது. தகுதி நீக்கத்தால் காலியானவை 18. திருவாரூர், திருப்பரங்குன்றம், சூலூர் ஆகிய மூன்றும் உறுப்பினர் மரணத்தால் காலியானவை. ஓசூர், நீதிமன்றத் தண்டனையால் காலியானது. 18 தொகுதிகளில் ஏப்ரல் 18லும், மீதி நான்கில் மே 19லும் ஓட்டுப் பதிவு நடந்தது.

மே 23ஆம் தேதி முடிவு வந்தது. தி.மு.க.வுக்கு 13, அ.தி.மு.க.வுக்கு 9. சபை மறுபடி நிரம்பியதால் தாண்ட வேண்டிய கோடு 118க்கு ஏறியது. அந்த ஒன்பது இடங்கள் கிடைத்ததால் ஆட்சி நிலைத்தது. பூந்தமல்லியில் தி.மு.க.வின் ஆ.கிருஷ்ணசாமி வென்றார். தகுதி நீக்கப்பட்ட 18 பேரில் இந்தத் தேர்தலில் மீண்டும் ஜெயித்து வந்தவர் அரவக்குறிச்சியின் செந்தில் பாலாஜி ஒருவரே, அவரும் தி.மு.க. வேட்பாளராகத்தான்.

சின்னத் தேர்தல், பெரிய கதை

இடைத்தேர்தல் என்றாலே ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பல முறை அப்படித்தான் நடந்திருக்கிறது. அமைச்சர்கள் எல்லாம் ஒரே தொகுதியில் முகாம் போட்டால் சும்மாவா? ஆனால், எப்போதும் அப்படி இல்லை.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கினார். ஏழே மாதம் கழித்து, 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற மாயத்தேவர், அப்போது ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க.வைத் தோற்கடித்தார். புதுக் கட்சிக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி அது.

2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில், பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி.தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இதே தொகுதியில் அந்த ஏப்ரலில் நடக்க இருந்த தேர்தலை, ஓட்டுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாகச் சொல்லித் தேர்தல் ஆணையமே ரத்து செய்திருந்தது! ஒரே தொகுதி என்பதால் எல்லாக் கட்சிகளின் பணமும் பலமும் அங்கேயே வந்து குவிகிறது. இடைத்தேர்தலைப் பிடித்திருக்கும் பெரிய நோய் இதுதான்.

நல்ல கதையும் உண்டு. 1954ல் காமராஜர் முதலமைச்சர் ஆனபோது அவர் எம்.எல்.ஏ.வாக இல்லை. அப்படி வருகிறவர் ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்துக்குள் நுழைந்தாக வேண்டும். குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார் காமராஜர். 2019 ஏப்ரல், மே மாதங்களில் இடைத்தேர்தல் நடந்த 22 தொகுதிகளில் அந்தக் குடியாத்தமும் ஒன்று!

தேர்தலே இல்லாமல் நிரப்பலாமா?

நம் பக்கத்து நாடான இலங்கையில் வேறு முறை. அங்கே மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று கணக்கிட்டு, கட்சிகள் வாங்கும் ஓட்டுக்கு ஏற்ப நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்கிறார்கள். கட்சிப் பட்டியலில் தங்களுக்குப் பிடித்தவருக்கு மக்கள் விருப்பு வாக்கும் போடலாம். ஓர் உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ, அதே கட்சியின் பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து இருப்பவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். செலவு மிச்சம், நாளும் மிச்சம்.

அப்படியானால் நாமும் அதையே செய்யலாமே என்கிறீர்களா? அதிலும் ஒரு குறை இருக்கிறது. நடுவில் மக்கள் மனம் மாறியிருந்தால் அதைச் சொல்ல வழியே இல்லையே! 2016ல் பூந்தமல்லி மக்கள் அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019ல் தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தார்கள். இடைத்தேர்தல் இருந்ததால்தான் அந்த மாற்றம் வெளியே தெரிந்தது. ஆகவே தேர்தலும் வேண்டும். அது காலத்தோடு நடக்கவும் வேண்டும். தகுதி நீக்க வழக்குகளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வைக்காமல் சீக்கிரம் தீர்ப்புக் கிடைத்தால், மக்களின் நாற்காலி இத்தனை நாள் காலியாகக் கிடக்காது.

உங்களுக்கு ஒரு வேலை!

வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாரிடமாவது வாக்காளர் அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள். அதில் சட்டமன்றத் தொகுதியின் எண்ணும் பெயரும் அச்சாகியிருக்கும். பிறகு இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுங்கள்.

1. உங்கள் தொகுதியின் எம்.எல்.ஏ. யார்?

2. உங்கள் தொகுதியில் எப்போதாவது இடைத்தேர்தல் நடந்திருக்கிறதா? என்ன காரணத்தால்?

3. உங்கள் தெருவில் பக்கத்து வீடு எந்தத் தொகுதி? அடுத்த ஊர் எந்தத் தொகுதி?

மூன்றாவது கேள்வியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மாங்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் கோடு ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும், ஒரு பக்கம் எம்.எல்.ஏ. இருந்தார், மறுபக்கம் 612 நாள் இல்லை. உங்கள் வீடு அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே!